காசில் நிலைத்த கண்



கருமியைப் பற்றி நம் ஊரில் பேச்செடுத்தால் முதலில் வருவது அவன் கைதான். எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டான் என்போம். கொடுக்கிறவரைச் சொல்லும்போதும் தாராளமான கை என்போம். கஞ்சன், உலோபி, பிசினாரி என்று எத்தனை பெயர் வைத்தாலும் நாம் நினைத்துக்கொள்வது மூடிய ஒரு கையை. முப்பது ஆண்டு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு கஞ்சனை வரையுங்கள் என்றால் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு கிழவன், ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு கை என்றே வரைவார்கள்.

இன்று திரையில் நான் காட்டப்போகும் ஐரோப்பியச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் கிழவர்கள் உண்டு, பெட்டிகள் உண்டு, கைகளும் உண்டு. ஆனால் இவற்றைப் பல வருஷங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது வேறொன்று. இவற்றைச் செய்தவர்கள் பேராசையைக் கண்ணின் நோயாகக் கண்டிருக்கிறார்கள். பார்வை ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் தேவதை வந்து நின்றாலும், சாவே வந்து நின்றாலும், அதைப் பிரித்தெடுக்க முடிவதில்லை. இதைத்தான் உங்களோடு சேர்ந்து பார்க்க வந்திருக்கிறேன்.

முதல் படம் கல்லில் செதுக்கியது. தெற்குப் பிரான்சில் மலைகளுக்கு நடுவே கோங்க் என்ற சிற்றூர். அங்கே புனித ஃபுவா பெயரில் ஓர் ஆலயம். அதன் வாசலுக்கு மேலே அரைவட்டமான ஒரு கற்பரப்பில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இறுதித் தீர்ப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். நடுவில் கிறிஸ்து, அவருடைய வலப்பக்கம் சொர்க்கம், இடப்பக்கம் நரகம். நரகத்தில் ஒருவன் தூக்கில் தொங்குகிறான். அவன் கழுத்தில் ஒரு பணப்பை. அவ்வளவுதான். பெயர் இல்லை, கதை இல்லை. எழுத்தறியாத யாத்திரிகனுக்கும் புரிந்துவிடும்.

ஸ்பெயினிலுள்ள சந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்திரிகர்கள் பலர் இந்த ஊர் வழியாகப் போவார்கள். அவர்கள் இடுப்பிலும் ஒரு பை இருந்திருக்கும். அண்ணாந்து பார்த்துவிட்டு, தங்கள் பையைத் தொட்டுக்கொண்டே உள்ளே போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். உள்ளே அவர்களுக்காகக் காத்திருந்தது என்ன தெரியுமா? தங்கத் தகடு போர்த்திய புனிதையின் திருவுருவம். தலைமுறை தலைமுறையாக பக்தர்கள் கொடுத்த மணிகளும் கற்களும் அதில் பதித்திருக்கின்றன. வாசலில் பணப்பைக்குத் தண்டனை, கருவறையில் பொன்னுக்கு வணக்கம். இதை வேஷம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்டியலில் நகையைக் கழற்றிப் போட்டுவிட்டு வரும் நம் ஊர்ப் பெண்களைப் பார்த்தவன் நான். கொடுத்த பொன் வேறு, பிடித்துவைத்த பொன் வேறு என்று அவர்களுக்குத் தெரியும். அந்த யாத்திரிகனுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த நூற்றாண்டில் இந்தப் பணப்பை ஏன் இவ்வளவு பெரிய குற்றச் சின்னமானது? ஊர்கள் வளர்ந்தன, சந்தைகள் பெருகின, நிலத்தில் பாடுபடாமல் காசிலேயே காசு சம்பாதிக்கும் ஒரு கூட்டம் உருவானது. அதைத் திருச்சபையால் ஏற்க முடியவில்லை. காசு குட்டி போடாது என்பது அரிஸ்டாட்டில் காலத்து வாதம். அதற்கு மேல் இன்னொரு வாதமும் சேர்ந்தது: வட்டி என்பது காலத்தை விற்பது, காலமோ கடவுளுடையது. 1179இல் கூடிய திருச்சபையின் மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்பவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கமே கிடையாது என்று விதித்தது. செத்த பிறகு புதைக்க இடமில்லை என்பதைவிடப் பெரிய மிரட்டல் அந்தக் காலத்தில் வேறில்லை.

அந்த மிரட்டலின் நிழலில் பிறந்ததுதான் அடுத்த படம். இத்தாலியில் பதுவா நகரம். என்ரிகோ ஸ்க்ரொவேனி என்ற செல்வர், பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை 1300இல் வாங்கி, அங்கே ஒரு சிற்றாலயம் கட்டினார். 1305 மார்ச் 25 அன்று அதற்குத் திருநிலைப்பாடு. உள்ளே சுவர் முழுக்க வரைந்தவர் ஜொத்தோ. என்ரிகோவின் தந்தை ரெஜினால்தோ பேர்போன வட்டிக்காரர். அவருடைய பாவத்தைக் கழுவத்தான் மகன் இந்த ஆலயத்தைக் கட்டினார் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அப்படிச் சுருக்கிவிட முடியாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. காரணம் எதுவாயினும், படம் கண்ணெதிரே இருக்கிறது.

வாசலுக்கு நேர்மேலே உட்சுவரில் இறுதித் தீர்ப்பு. வழிபாடு முடித்து வெளியே போகத் திரும்பும்போது கண்ணில் படுவது இதுதான். கீழே, சிலுவைக்குப் பக்கத்தில், ஊதா உடை அணிந்த என்ரிகோ மண்டியிட்டு, தான் கட்டிய ஆலயத்தின் சிறு வடிவத்தை மரியாளிடம் கொடுக்கிறார். அதே சுவரில், இன்னொரு பக்கம் நரகம். அங்கே வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். கோங்க் சிற்பத்தில் பை கழுத்தில் மாட்டிய அடையாளம். ஜொத்தோவிடம் அதே பைக்கயிறு சுருக்குக் கயிறாகிவிட்டது. வட்டிக்காரனின் மகன், தன் சொந்தப் பணத்தில், தன் ஆலயத்தில், இதை வரையச் சம்மதித்திருக்கிறான். இந்தச் சுவரின் முன்னால் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை வருகிறது. ஓவியருக்குக் கூலி கொடுத்தவர் தன்னையும் அந்தச் சுவரில் நிறுத்திக்கொள்கிறார், தன் குடும்பத்துக்கு நேரக்கூடிய கதியையும் அதே சுவரில் எழுதச் சொல்கிறார்.

இதே ஆலயத்தில் கீழ்வரிசையில் குணங்களையும் குற்றங்களையும் ஒற்றை உருவங்களாக ஜொத்தோ வரைந்திருக்கிறார். அதில் பொறாமை என்ற பெண்ணைப் பாருங்கள். காலடியில் நெருப்பு. ஒரு கை பணப்பையை இறுகப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை அடுத்தவர் பொருளை நோக்கி நகம்போல் நீள்கிறது. அவள் வாயிலிருந்து ஒரு பாம்பு வெளிவந்து, வளைந்து, அவள் கண்ணையே கொத்தப் போகிறது. பை கையில் இருக்கிறது, ஆனால் தண்டனை கண்ணுக்கு. இந்தப் பாம்பைப் பார்த்த அன்றுதான் என் யோசனை இந்தத் திசையில் போகத் தொடங்கியது.

சில ஆண்டுகள் கழித்துக் கவிஞர் தாந்தே தன் நரகப் பயணத்தை எழுதும்போது, 17ஆம் பாடலில் வட்டிக்காரர்களைச் சுடுமணலில் உட்காரவைக்கிறார். மேலிருந்து நெருப்பு விழுகிறது. ஒவ்வொருவர் கழுத்திலும் குலச்சின்னம் தீட்டிய பை. அந்த நெருப்புக்கு நடுவிலும் அவர்கள் பார்வை பையைவிட்டு நகர்வதில்லை. முகத்தை வைத்து யாரையும் அடையாளம் காண முடியவில்லை, பையை வைத்துத்தான் காண முடிகிறது. வெள்ளைப் பையில் நீலப் பன்றி வரைந்த ஒருவன் அங்கே பேசுகிறான். அது ஸ்க்ரொவேனி குடும்பத்தின் சின்னம். அவன் ரெஜினால்தோதான் என்பது உரையாசிரியர்களின் முடிவு.

இனி ஒரு கசப்பான இடத்துக்கு வரவேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் கடந்துபோனால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன்.

இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1233ஆம் ஆண்டு அரசாங்க வரவுச் சுருள் ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பில் ஏதோ ஒரு எழுத்தர் பேனாவால் ஒரு கேலிச்சித்திரம் போட்டிருக்கிறார். நார்விச் நகரத்து யூதர்களைப் பற்றியது. நடுவில் மூன்று முகத்தோடு, கிரீடத்தோடு ஐசக் என்ற பெரும் பணக்காரர். கீழே ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவர்கள் மூக்கைத் தொட்டுக்கொண்டு நடுவில் ஒரு பேய். ஓரத்தில் ஒருவன் காசு நிறைந்த தராசைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். யூதர்களை இழிவுசெய்யும் சித்திரங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் இது ஒன்று.

அந்தச் சுருளில் எழுதியிருப்பது என்ன என்பதைக் கவனியுங்கள். யூதர்களிடமிருந்து அரசன் கறந்த வரிக் கணக்கு. வாங்கிக் குவித்தது அரண்மனை. கொடுத்தவர்களைப் பேராசைக்காரர்களாக வரைந்தது அரண்மனையின் எழுத்தர். நிலம் வாங்கவும் கைத்தொழில் சங்கங்களில் சேரவும் பல இடங்களில் வழியில்லாத மக்கள் வட்டித்தொழிலுக்குள் தள்ளப்பட்டார்கள். பிறகு அந்தத் தொழிலே அவர்களுடைய முகம் என்று வரையப்பட்டது. 1290இல் அவர்களை இங்கிலாந்தைவிட்டே துரத்தினார்கள். மூக்கு, தாடி, பை, தராசு என்று அன்று தொடங்கிய அச்சு அதற்குப் பிறகு நூற்றாண்டுகளாக எத்தனை சுவரொட்டிகளில், எத்தனை பத்திரிகைகளில் வந்தது, அது எங்கே போய் முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பதுவாவின் சுவர், பார்க்கிறவனைத் தன்னைப் பார்க்கச் சொல்கிறது. இந்தச் சுருள், அவனைப் பார் என்று விரல் நீட்டுகிறது. பேராசையை வரைந்த எந்தப் படத்தையும் நான் இப்போது இந்த ஒரு கேள்வியோடுதான் அணுகுகிறேன்: இது யாரைப் பார்க்கச் சொல்கிறது?

இப்போது ஓவியர் ஹியரோனிமஸ் போஷ். சாவும் கஞ்சனும் என்ற இந்தப் பலகை வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1485க்கும் 1490க்கும் இடையில் வரைந்தது என்பார்கள். உயரம் 93 சென்டிமீட்டர், அகலம் 31 மட்டும். கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். இது ஒரு மடிப்புப் பலகை ஓவியத்தின் ஒரு சிறகு. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் முட்டாள்களின் கப்பல் இதோடு ஒன்றாக இருந்த துண்டு. இரண்டு பலகைகளும் ஒரே மரத்திலிருந்து அறுத்தவை.

ஒரு குறுகிய அறை. கட்டிலில் ஒருவன் கடைசி மூச்சில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். இடதுபுறக் கதவு வழியாக எலும்புக்கூடாகச் சாவு அம்போடு நுழைகிறது. அவன் தோளில் கைவைத்து ஒரு தேவதை மேலே ஜன்னலைப் பார்க்கச் சொல்கிறது. ஜன்னலில் சின்னதாக ஒரு சிலுவை, அதிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம். கட்டில் திரைக்குக் கீழிருந்து ஒரு பேய் பணப்பையை நீட்டுகிறது. அவன் முகம் சாவின் பக்கம் இருக்கிறது. கையோ பை இருக்கும் பக்கம் நீள்கிறது. வாங்கத்தான் நீள்கிறதா, பழக்கத்தில் தானாக நீள்கிறதா, சாவைத் தடுக்கத் தூக்கியதா? பத்துத் தடவை பார்த்தால் பத்து பதில் வரும். வெளிச்சம் வரும் அந்த ஜன்னலை மட்டும் அவன் இன்னும் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் நல்ல சாவு சாவது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் சிறு நூல்கள் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தன. மரணப்படுக்கையில் ஐந்து சோதனைகள் வரும், அதில் ஒன்று பேராசை என்று அவை படம்போட்டுச் சொல்லும். போஷ் அந்த மரபிலிருந்துதான் தொடங்குகிறார். அந்நூல்களின் படங்களில் சாகிறவன் இறுதியில் வென்றுவிடுவான். போஷ் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அம்பு இன்னும் பாயவில்லை.

கட்டிலின் காலடியில் இன்னொரு கிழவர். பச்சை உடை. திறந்த பெட்டிக்குள் எலிமுகப் பேய் ஒன்று பையைப் பிடித்துக்கொள்ள, அவர் அதில் காசு போடுகிறார். ஜெபமாலையும் அவரிடம் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. கட்டிலில் சாகிறவரும் இவரும் ஒரே ஆள், நல்ல நாளில் இருந்த தோற்றம் இது என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பின்னால் தானே செத்துக்கொண்டிருப்பது இவர் கண்ணில் படவில்லை. பெட்டியின் உள்ளேதான் பார்வை. எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். மனைவி மருத்துவமனையில் இருந்த நாட்களிலும் மாலையானால் கடைக்கணக்கை எடுத்துவைத்துக்கொள்வார். கெட்ட மனிதர் இல்லை. அந்த அம்மாள் போன பிறகு, ஒரு தடவையாவது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம் என்று என்னிடம் அழுதார். இந்தப் பச்சை உடைக் கிழவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

ஐரோப்பாவைவிட்டு ஒரு நிமிஷம் ஜப்பானுக்குப் போய்வருவோம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பசிப்பேய்களின் சுருள் ஓவியங்கள் வரைந்தார்கள். தோக்கியோ, கியோத்தோ தேசிய அருங்காட்சியகங்களில் அவற்றைப் பாதுகாக்கிறார்கள். முற்பிறவியில் கொடுக்காமல் வாழ்ந்தவர்கள் வயிறு ஊதி, உடல் வற்றிப் பசிப்பேய்களாகப் பிறப்பார்கள் என்பது பௌத்த நம்பிக்கை. சுருளில் மனிதர்கள் விருந்து உண்கிறார்கள், பாடுகிறார்கள். அவர்கள் தோளிலும் மடியிலும் இந்தப் பேய்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. சுருளைப் பிரிக்கும் நமக்கு மட்டும் தெரிகிறது.

அடுத்தது 1514. குவெண்டின் மாட்சிஸ் வரைந்த நாணயமாற்றுக்காரரும் மனைவியும், பாரிஸில் லூவரில் இருக்கிறது. ஊர் ஆண்ட்வெர்ப். 1501 முதல் போர்ச்சுகீசியக் கப்பல்கள் மலபார் மிளகை லிஸ்பன் வழியாக அங்கே இறக்கின. பல தேசத்து வியாபாரிகள், பல தேசத்துக் காசுகள். ஓரத்தைச் சீவிய காசு எது, எடை குறைந்தது எது என்று நிறுத்துப் பார்த்தால்தான் வியாபாரம் நடக்கும். நம் பழைய சராப்புக்கடைக்காரர் செய்த வேலைதான். படத்தில் கணவர் சின்னத் தராசில் ஒரு காசை நிறுக்கிறார். மேசையில் காசுக் குவியல், கறுப்புத் துணியில் முத்துகள், மோதிரங்கள்.

மனைவியின் கையில் ஜெபப் புத்தகம். மரியாளும் குழந்தையும் வரைந்த பக்கம் திறந்திருக்கிறது. விரல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. கண் காசுக்குப் போய்விட்டது.

நான் பார்த்த படங்களிலேயே பேராசையை இவ்வளவு மெதுவாகச் சொன்ன படம் வேறில்லை. பேய் கிடையாது, தூக்குக் கயிறு கிடையாது. அவளைப் பேராசைக்காரி என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அந்தக் கணவரும் நேர்மையான மனிதராகவே இருக்கலாம். இந்தப் படத்தின் பழைய சட்டத்தில் தராசு நியாயமாக இருக்கவேண்டும் என்ற பொருள்படும் விவிலிய வாசகம் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. நல்ல மனிதர்கள், நல்ல வீடு, நாள்தோறும் செய்யும் தொழில். பக்கம் திருப்பும் ஒரு கணத்தில் கண் நழுவுகிறது. நமக்கும் இப்படித்தானே நடக்கிறது? சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பியிருக்கும்போது பக்கத்தில் கைபேசி அதிர்ந்தால் நம் கண் எங்கே போகிறது?

மேசையின் முன்னால் ஒரு குவிந்த கண்ணாடி இருக்கிறது. அதில் ஒரு ஜன்னலும், ஜன்னலோரத்தில் ஒரு மனிதனும். அந்த ஜன்னல் இருப்பது நாம் நிற்கும் பக்கம். அப்படியானால் நாமும் அந்தக் கடைக்குள்தான் நிற்கிறோம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாட்சிஸ் அந்த முத்துகளையும் காசின் விளிம்பையும் எவ்வளவு ஆசையோடு வரைந்திருக்கிறார் பாருங்கள். ஜெபப் புத்தகத்தைவிட்டு அவள் கண் நழுவியதைக் குறைசொல்லும் நாமே, அவள் முகத்தைவிட்டுக் காசைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்? இது ஓவியருக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் நம்பவில்லை.

25 ஆண்டுகள் கழித்து, 1539இல், மரினுஸ் வான் ரேமர்ஸ்வாலே இதே காட்சியை மறுபடி வரைகிறார். மாட்ரிட்டில் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே மேசை, அதே தராசு, அதே தம்பதி. மனைவியின் கையிலும் புத்தகம் இருக்கிறது. ஆனால் அது இப்போது கணக்குப் புத்தகம். இனி அவள் கண் நழுவ இடமே இல்லை. புத்தகத்தைப் பார்த்தாலும் காசுதான், காசைப் பார்த்தாலும் காசுதான்.

இவற்றுக்கு முன்பே, 1507இல், ஓவியர் டூரர் வரைந்த ஒரு சிறு பலகை வியன்னாவில் இருக்கிறது. முன்பக்கம் ஓர் இளைஞனின் முகம். திருப்பினால் பின்பக்கம் பல்லுதிர்ந்த கிழவி ஒருத்தி, தங்கக்காசுப் பையைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறாள். முதுமையையும் பெண்ணையும் அருவருப்புக்காக இப்படிப் பயன்படுத்தியது எனக்கு உவப்பில்லை. மாட்சிஸின் அமைதிக்குப் பக்கத்தில் இது உரக்கக் கத்துவதாகவே படுகிறது.

கடைசியாக ரெம்பிராண்ட். 1627இல் லெய்டன் நகரத்தில் வரைந்தது, இப்போது பெர்லினில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது இருபது இருபத்தொன்றுதான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டு அன்றிரவே செத்துப்போகும் செல்வனைப் பற்றி லூக்கா நற்செய்தியில் ஓர் உவமை வருகிறது. அந்தச் செல்வன்தான் இவன் என்று கொள்கிறார்கள். முன்பெல்லாம் நாணயமாற்றுக்காரன் என்றே இந்தப் படத்துக்குப் பெயர். இரவு. சுற்றிலும் கூரைவரை பழைய தாள்கள், புத்தகங்கள், மூட்டைகள். மூக்குக்கண்ணாடி போட்ட கிழவர் ஒரு காசைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். மெழுகுவத்தியின் சுடரை அவர் கை மறைத்துவிட்டது. அறையில் இருக்கும் ஒரே வெளிச்சம் அவர் முகத்திலும் அந்தக் காசின் பக்கத்திலும் மட்டும் விழுகிறது. மீதி அறை அவருக்கு இல்லாமலே போய்விட்டது.

இதை வரைந்த பையன் பின்னால் பெரும்புகழ் பெற்றார். 1639இல் ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டருக்கு ஒரு வீடு வாங்கினார். அந்தக் கடனை அவரால் அடைக்கவே முடியவில்லை. ஏலங்களில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார்: இத்தாலிய அச்சுப்படங்கள், சிலைகள், ஆயுதங்கள், தூர தேசத்துச் சங்குகள், சிப்பிகள். 1656இல் கடனில் மூழ்கியபோது அதிகாரிகள் வந்து அறை அறையாகப் பட்டியல் எடுத்தார்கள். 363 உருப்படிகள். அந்தப் பட்டியலை வாசித்தால் பெர்லின் படத்திலிருக்கும் மூட்டைகளுக்கு நடுவே நடப்பதுபோல் இருக்கிறது. கண்ணுக்குப் பிடித்ததை விடமுடியாமல் சேர்த்த ஒருவரின் வீடு அது.

அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1718இல், ஆர்னோல்ட் ஹூப்ராக்கன் என்ற ஓவியர் டச்சு ஓவியர்களின் வரலாற்றை எழுதினார். ரெம்பிராண்ட் பணத்தாசை பிடித்தவர் என்று அதில் ஒரு கதை சொல்கிறார். நடந்ததா என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. மாணவர்கள் பட்டறையில் அவர் நடந்துபோகும் தரைப்பலகையில் காசுகளை வரைந்துவைப்பார்களாம். வெளிச்சம் விழும் இடத்தில் விளிம்பும் பளபளப்பும் அவர் சொல்லிக்கொடுத்தபடியே அமைந்திருக்கும். ஆசிரியர் வருவார், நிற்பார், குனிவார், கையை நீட்டுவார். விரல் நுனியில் படுவது வெறும் சாயம்.